முந்திச் சாகும் சிவப்பணு

கிருமி புகுந்த உயிரணு பொதுவாகச் சும்மா இருப்பதில்லை. வைரஸ் நுழைந்த நுரையீரல் அணுவும் கல்லீரல் அணுவும் அந்த வைரஸின் துணுக்குகளைத் தம் மேற்பரப்பில் ஏந்திக் காட்டும். அதைக் கண்டு வரும் நோயெதிர்ப்புப் படையின் டி-அணுக்கள், கிருமியோடு சேர்த்து அந்த அணுவையே அழித்துவிடும். இரத்தச் சிவப்பணுவுக்கு இந்த வழி அடைபட்டிருக்கிறது. எலும்பு மஜ்ஜையில் பிறக்கும்போதே அது தன் உட்கருவை உதறிவிடுகிறது. முதிர்ந்த சிவப்பணுவில் மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. புதிதாக ஒரு புரதத்தைச் செய்துகொள்ளும் ஆற்றலும் இல்லை. உள்ளே அந்நியன் இருப்பதை டி-அணுக்களுக்குத் தெரிவிக்கும் மூலக்கூறுகளும் அதனிடம் கிட்டத்தட்ட இல்லை. 1880இல் அல்ஜீரியாவின் கான்ஸ்டான்டைன் நகரத்து ராணுவ மருத்துவமனையில் பிரெஞ்சு மருத்துவர் லாவெரான் நுண்ணோக்கியில் கண்ட மலேரியா ஒட்டுண்ணி, தன் வாழ்வின் மிகப் பெருகும் கட்டத்துக்கு இந்த ஊமை அணுவைப் பிடித்துக்கொண்டது தற்செயல் அல்ல. எதிர்த்துப் போராட எதுவுமில்லாத சிவப்பணுவுக்கு ஒன்று மட்டும் இயலும்: அது சாகலாம். நான் இங்கே சொல்ல விரும்புவது இதுதான். மலேரியாவில் உடலுக்கும் ஒட்டுண்ணிக்கும் நடக்கும் சண்டையின் பெரும்பகுதி, அந்தச் சாவு எந்த மணி நேரத்தில் நிகழ்கிறது என்பதைப் பற்றியது. தொற்று பரவுவதும் அடங்குவதும், பிள்ளை பிழைப்பதும் பிழைக்காததும் பல நேரங்களில் அந்த நேரக் கணக்கில்தான் தீர்மானமாகின்றன.

சிவப்பணுவின் சாவு நமக்குள் ஓயாமல் நடப்பது. ஓர் அணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். வளர்ந்த ஒருவர் உடலில் ஒவ்வொரு நொடியும் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்கள் மறைகின்றன, அதே அளவு பிறக்கின்றன. மறைவது சத்தமின்றி நடக்கிறது. சவ்வின் உட்பக்கத்தில் மட்டும் இருக்க வேண்டிய பாஸ்ஃபடிடைல்செரின் என்ற கொழுப்பு வெளிப்பக்கம் திரும்புகிறது; அணு சுருங்குகிறது; மண்ணீரலிலும் கல்லீரலிலும் காத்திருக்கும் பெருவிழுங்கணுக்கள் அந்த அடையாளத்தைத் தொட்டறிந்து அதை முழுதாக விழுங்கிவிடுகின்றன. ஆயுள் முடியும் முன்பே இதே முடிவு வரவும் கூடும். ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் ஃப்ளோரியன் லாங்கின் குழுவினர் 2000களின் தொடக்கத்திலிருந்து இதை விரிவாக ஆராய்ந்தார்கள். உப்புச் சமநிலை குலைவு, சக்தித் தட்டுப்பாடு, ஆக்சிஜனேற்ற அழுத்தம் இவற்றில் எது வந்தாலும் சவ்வின் வழியே கால்சியம் உள்ளே பாய்கிறது, அதைத் தொடர்ந்து மேற்சொன்ன மாற்றங்கள் வரிசையாக நடக்கின்றன என்று காட்டினார்கள். எரிப்டோசிஸ் என்று இதற்குப் பெயர். அணு வெடித்துச் சிதறுவதிலிருந்து இது அடிப்படையிலேயே வேறானது. வெடித்தால் ஹீமோகுளோபின் குருதியில் கொட்டும். அது சிறுநீரகத்தைத் தாக்கும், இரத்தக்குழாய்களைத் தளர்த்தி வைக்கும் நைட்ரிக் ஆக்சைடை உறிஞ்சிவிடும். விழுங்கப்படும் அணுவோ எதையும் சிந்தாமல் போகிறது.

இப்போது ஒட்டுண்ணி உள்ளே நுழைந்த அணுவைப் பார்ப்போம். பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் என்ற மலேரியா ஒட்டுண்ணி இனம் ஒரு சிவப்பணுவுக்குள் தங்கும் காலம் 48 மணி நேரம். முதல் பாதியில் அது மெல்லிய மோதிர வடிவில் கிடக்கிறது. பிறகு கொழுத்து, ஹீமோகுளோபினைத் தின்று, பிளந்து, 16 முதல் 32 வரை குஞ்சுகளாகிறது. இத்தனைக்கும் தேவையான பொருள்களை வெளியிலிருந்து வரவழைக்க, அணுவின் சவ்வில் அது புதிய வழிகளைத் திறக்கிறது. அவற்றின் வழியே சோடியம் உள்ளே வருகிறது, பொட்டாசியம் வெளியேறுகிறது. ஹீமோகுளோபினைச் செரிக்கும்போது ஆக்சிஜனேற்ற அழுத்தம் கூடுகிறது. அதாவது, ஒரு சிவப்பணுவைச் சாகத் தூண்டும் காரணங்கள் எவையோ, ஒட்டுண்ணியின் அன்றாடப் பிழைப்பும் அவற்றையே உண்டாக்குகிறது. தன் இருப்பாலேயே வீட்டைச் சரியவைக்கும் குடியிருப்பாளன் அது. குடியிருப்பு முடியும்வரை சுவரைத் தாங்கிப் பிடிக்கவும் வேண்டியிருக்கிறது. இதற்கு அது கையாளும் உத்திகளில் ஒன்று வியப்பானது. அணுவிலுள்ள ஹீமோகுளோபினில் 60 முதல் 80 சதவீதம் வரை அது தின்கிறது. ஆனால் தன் புரதங்களைக் கட்ட அதில் ஒரு சிறு பங்கையே பயன்படுத்துகிறது. மிச்சத்தை ஏன் தின்ன வேண்டும்? கேம்பிரிட்ஜில் வர்ஜிலியோ லியூவும் உடனாய்வாளர்களும் 2003இல் ஒரு விடையை முன்வைத்தார்கள்: ஹீமோகுளோபின் நிறைந்த அணுவுக்குள் சோடியம் பாய்ந்தால் நீரும் கூடவே பாயும், 48 மணி நேரம் ஆகுமுன்பே அணு ஊதி வெடித்துவிடும், ஹீமோகுளோபினைக் குறைத்தால்தான் அந்த வெடிப்பைத் தள்ளிப்போட முடியும். பசிக்கு மேல் அது தின்பது அணுவை உயிரோடு வைத்துக்கொள்ளவே என்ற இந்த விளக்கம் எனக்கு ஏற்புடையதாகவே படுகிறது. பிறகு, தான் தயாரானதும், தன் நொதிகளைக் கொண்டு அதே அணுவை ஒட்டுண்ணி தானே உடைக்கிறது. முறைக்காய்ச்சலின் குளிரும் நடுக்கமும் இந்த உடைப்போடு ஒத்து வருவதை மருத்துவ ஆய்வாளர் கோல்ஜி 1880களிலேயே இத்தாலியில் கண்டு சொன்னார். 20ஆவது மணியில் அணு செத்தால் ஒட்டுண்ணிக்கு அழிவு. 48ஆவது மணியில் செத்தால் அதற்குப் பிறப்பு.

இது வெறும் தர்க்கமாக நின்றுவிடாமல் இருப்பதற்கு மனிதகுலத்தின் மரபணுக்களே சான்று தருகின்றன. தலசீமியா என்ற மரபுவழி இரத்தக் கோளாறு மலேரியாப் பகுதிகளில் மிகுந்திருப்பதற்கு மலேரியாவே காரணமாக இருக்கலாம் என்று மரபியலாளர் ஹால்டேன் 1940களின் இறுதியில் ஊகித்தார். 1954இல் ஆண்டனி அலிசன், கிழக்கு ஆப்பிரிக்காவில், சிவப்பணுவை அரிவாளாக வளைக்கும் அரிவாள் அணு மரபணுவில் ஒரு பிரதி மட்டும் உள்ளவர்கள் மலேரியாவிலிருந்து பாதுகாப்புப் பெறுவதைக் காட்டினார். கடுமையான ஃபால்சிபாரம் மலேரியாவிலிருந்து அந்தப் பாதுகாப்பு ஏறக்குறைய 90 சதவீதம் என்று பிற்கால ஆய்வுகள் அளந்திருக்கின்றன. இன்றைய எந்த மலேரியாத் தடுப்பூசியும் அதை எட்டவில்லை. எப்படிப் பாதுகாக்கிறது என்பதற்கு 1970இல் நைஜீரியாவின் இபாதானிலிருந்து லூசியோ லுசாட்டோவின் குழு ஒரு விடை தந்தது: ஒட்டுண்ணி புகுந்த அணுக்கள், புகாத அணுக்களைவிட எளிதில் அரிவாளாக வளைகின்றன, வளைந்தவை அகற்றப்படுகின்றன. ஆனால் இந்த வரிசையில் மிக அழுத்தமான சான்று இத்தாலியின் டூரின் நகரிலிருந்து வந்தது. பாவ்லோ அரேசேயின் குழுவினர் ஜி6பிடி நொதிக் குறைபாடு, அரிவாள் அணு, பீட்டா தலசீமியா என ஒன்றோடொன்று தொடர்பில்லாத மரபுக் கோளாறுகள் கொண்ட அணுக்களை எடுத்து, அவற்றுள் ஒட்டுண்ணியை வளர்த்தார்கள். ஒட்டுண்ணி நுழைவதிலும் வளர்வதிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வேறுபாடு விழுங்கப்படுவதில் இருந்தது. மோதிரப் பருவத்திலேயே அந்த அணுக்களின் சவ்வு சேதமுற்று, இயல்பான அணுக்களைவிட மிக அதிகமாக அவை விழுங்கப்பட்டன. அந்த நேரமும் முக்கியம். ஒட்டுண்ணி முதிர்ந்தபின் விழுங்கினால், ஹீமோகுளோபினைச் செரித்து அது ஒதுக்கி வைத்த ஹீமோசோயின் என்ற கறுத்த நிறமியையும் சேர்த்து விழுங்க வேண்டும். அந்த நிறமி பெருவிழுங்கணுவைச் செயலிழக்கச் செய்துவிடுகிறது. மோதிரத்தை விழுங்கிய பெருவிழுங்கணு அதைச் செரித்துவிட்டு மறுபடியும் விழுங்க முடியும். ஆக, ஒரே அணுவின் சாவு முன்னே நடந்தால் காவலன் பிழைக்கிறான், பின்னே நடந்தால் காவலனும் முடமாகிறான்.

முந்திச் சாவதன் பயன் சிறிதாகத் தோன்றலாம். பெருக்கக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் அது சிறிதல்ல. ஒவ்வொரு 48 மணி நேரத்திலும் ஒட்டுண்ணி 10 மடங்கு பெருகுவதாக வைத்துக்கொள்வோம். நான்கு சுற்றில், எட்டே நாளில், ஒன்று பத்தாயிரம் ஆகும். ஒவ்வொரு சுற்றிலும் பாதி அணுக்கள் மட்டும் உரிய நேரத்துக்கு முன் அகற்றப்பட்டால் பெருக்கம் 5 மடங்காகும். அதே எட்டு நாளில் ஒன்று 625தான் ஆகும். பதினாறில் ஒரு பங்கு. நோயெதிர்ப்பு சக்தி விழித்துக்கொள்ள இந்த அவகாசமே பிள்ளைக்குத் தேவைப்படுவது. மண்ணீரல் இப்படிப் பாதியை அகற்ற வல்லது என்பதும் கற்பனை அல்ல. அங்கே இரத்தம் திரும்பிச் செல்லும் பிளவுகளின் அகலம் ஏறக்குறைய ஒரு மைக்ரான். எட்டு மைக்ரான் விட்டமுள்ள சிவப்பணு தன்னை ஒடுக்கி நெளிந்துதான் அதைக் கடக்க வேண்டும். விறைத்த அணு மாட்டிக்கொள்ளும். வேறு நோய்களுக்காக அகற்றப்பட்ட மனித மண்ணீரல்களின் வழியே ஒட்டுண்ணி புகுந்த இரத்தத்தைச் செலுத்திப் பார்த்த பாரிஸ் ஆய்வாளர்கள், மோதிரப் பருவ அணுக்களில் பாதிக்கும் மேல் அங்கே தங்கிவிடுவதைக் கண்டார்கள். ஃபால்சிபாரத்தின் முதிர்ந்த பருவம் இரத்தக்குழாய்ச் சுவர்களில் ஒட்டிக்கொண்டு மூளையையும் நஞ்சுக்கொடியையும் அடைப்பதும் இதனால்தான். மண்ணீரலின் வழியே போனால் செத்தோம் என்பதே அந்த ஒட்டுதலின் காரணம். நோயாளியின் கோமா அதன் பக்க விளைவு.

இங்கே எழும் முதல் மறுப்பு எளிது. சிவப்பணு தன்னைத் தியாகம் செய்து உடலைக் காப்பதாகப் பேசுவது, சிந்திக்காத ஒன்றுக்கு நோக்கம் கற்பிப்பதாகாதா? ஆகும். அணுவுக்கு எந்த நோக்கமும் இல்லை. சேதமுற்ற அணுக்களை அப்புறப்படுத்தும் ஏற்பாடு மலேரியா இல்லாத விலங்குகளுக்கும் உண்டு. அது மலேரியாவுக்காக உருவானது என்று யாரும் சொல்லத் தேவையில்லை. இருந்த ஏற்பாட்டை மலேரியா கூர்தீட்டியது என்பதே சான்றுகள் தாங்கும் அளவு. எந்தெந்த மரபு மாற்றங்கள் அணுவைக் கொஞ்சம் நலிவாக்கி, ஒட்டுண்ணியின் சுமையில் முன்கூட்டியே சரியவைத்தனவோ, அவற்றை உடையவர்கள் அதிகமாகப் பிழைத்துப் பிள்ளை பெற்றார்கள்.

இரண்டாவது மறுப்பு கனமானது. அரிவாள் அணுவின் பாதுகாப்பை வேறு வழிகளிலும் விளக்கலாம். அந்த அணுக்களில் ஒட்டுண்ணி தன் ஒட்டும் புரதத்தை மேற்பரப்பில் சரியாக நாட்ட முடிவதில்லை; ஆக்சிஜன் குறைந்த இடங்களில் ஹீமோகுளோபின் கோத்துக்கொள்வதால் ஒட்டுண்ணியின் வளர்ச்சியே நின்றுபோகிறது; எலிகளில், அரிவாள் மரபணு ஒட்டுண்ணியைக் குறைக்காமலேயே உடலுக்கு நோயைத் தாங்கும் திறனைத் தருவதாகவும் கண்டிருக்கிறார்கள். மூன்றுமே நம்பத்தக்க ஆய்வுகள். முதலாவது என் வாதத்துக்கு எதிரானது அல்ல. ஒட்ட முடியாத அணு மண்ணீரலுக்குத்தான் போய்ச் சேரும். மற்ற இரண்டையும் அணுவின் சாவுக்குள் திணிப்பது நேர்மையாகாது. அவை தனி வழிகள். ஒரு மரபணு பல வாயில்களைக் காப்பதில் வியப்பில்லை. ஆனால் ஜி6பிடி குறைபாட்டுக்கும் தலசீமியாவுக்கும் அரிவாள் அணுவுக்கும் பொதுவாக ஒரு விளக்கம் வேண்டுமென்றால், மோதிரப் பருவத்தில் விழுங்கப்படுவதைத் தவிர அத்தனை பொருத்தமான வேறொன்று இதுவரை வைக்கப்படவில்லை.

மிகக் கடினமான மறுப்பை நோயாளியின் உடலே எழுப்புகிறது. மலேரியாவில் சாகும் சிவப்பணுக்களில் பெரும்பாலானவற்றுள் ஒட்டுண்ணியே இல்லை. ஆண்டிபயாடிக் வருமுன், மூளையைத் தாக்கிய சிஃபிலிஸைக் குணப்படுத்த நோயாளிகளுக்கு வேண்டுமென்றே மலேரியாவை ஏற்றினார்கள். அந்த முறைக்காக வியன்னாவின் வாக்னர்-யாரெக் 1927இல் நோபல் பரிசு பெற்றார். அப்படிச் சிகிச்சை பெற்றவர்களின் தினசரி இரத்தப் பதிவுகளைப் பிற்காலத்தில் கணக்கிட்டவர்கள், ஃபால்சிபாரத்தில் தொற்றுற்ற அணு ஒன்றுக்குத் தொற்றில்லாத அணுக்கள் சுமார் 8.5, பிளாஸ்மோடியம் வைவாக்ஸ் என்ற மற்றோர் இனத்தில் சுமார் 34 அழிவதாகக் கண்டார்கள். சாவு ஒரு காப்பு என்றால் ஒரு பாவமும் அறியாத இத்தனை அணுக்கள் ஏன் சாக வேண்டும்? தொற்றின்போது உடல், பாஸ்ஃபடிடைல்செரினுக்கு எதிராகவே எதிர்ப்புப் புரதங்களைச் செய்கிறது என்றும், அவை தொற்றில்லாத அணுக்கள் மேல் படிந்து அவற்றைப் பெருவிழுங்கணுக்களுக்குக் காட்டிக்கொடுக்கின்றன என்றும் நியூயார்க்கில் ஆனா ரொட்ரிகெஸின் குழு 2016இல் காட்டியது. 2023இல் உலகில் மலேரியாவால் இறந்தவர்கள் 5,97,000 பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. பெரும்பாலோர் ஆப்பிரிக்காவின் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். அவர்களில் பலரைக் கொண்டுபோவது கடும் இரத்தசோகை. இதை ஒதுக்கிவிட்டு அணுவின் சாவைப் போற்ற முடியாது. ஆனாலும் இந்த மறுப்பு என் வாதத்தை முறிப்பதாகத் தோன்றவில்லை. அதற்கு எல்லை வகுக்கிறது. தொற்றுற்ற அணு உரிய கணத்துக்கு முன் தனியாகச் செத்தால் அது காப்பு. அதே ஏற்பாடு குறி தப்பி, கண்ணில் பட்டதையெல்லாம் சாய்த்தால் அதுவே நோய். வைவாக்ஸில் கேடு இன்னும் ஒரு படி கூடுகிறது. அது இளம் சிவப்பணுக்களை மட்டுமே தேடி நுழைவது. முதிர்ந்தவை செத்து, மஜ்ஜை ஈடுகட்டப் புதியவற்றை அனுப்பும்போது, அந்தச் சாவே அதற்குப் புதிய இரையாகிறது.

மண்ணீரலைப் பற்றிய நம் எண்ணத்தையும் அண்மையில் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. இந்தோனேசியாவின் பாப்புவாவில், திமிகா நகரில், பெரும்பாலும் விபத்துக் காயத்துக்காக மண்ணீரல் அகற்றப்பட்டவர்களை ஆராய்ந்து 2021இல் வெளியான முடிவுகள் இவை: காய்ச்சலோ வேறு அறிகுறியோ இல்லாத அவர்களின் மண்ணீரலில் ஒட்டுண்ணிகள் மொய்த்துக் கிடந்தன. வைவாக்ஸைப் பொறுத்தவரை உடலிலுள்ள மொத்தத் தொற்றில் 98 சதவீதத்துக்கும் மேல் அங்கேதான் இருந்தது, அதுவும் சிதையாமல். அணுக்களின் சுடுகாடு என்று நாம் நினைத்திருந்த இடத்தில் ஒட்டுண்ணி குடித்தனம் நடத்துகிறது. எனவே அணு மண்ணீரலில் பிடிபடுவதையும் அது சாவதையும் ஒன்றாகக் கருதக் கூடாது. பிடிபட்டதை விழுங்கும் விரைவு குறைந்தால், பிடிபடுதல் ஒட்டுண்ணிக்கே வசதியாகிறது.

இந்த அறிவை வைத்து அணுக்களை வேண்டுமென்றே சாகத் தூண்டி மலேரியாவைக் குணப்படுத்தலாமே என்ற ஆசை எழுவது இயல்பு. லாங்கின் குழுவினரே அந்தத் திசையில் சோதித்தார்கள். எரிப்டோசிஸைத் தூண்டும் பல பொருள்கள், எலி மலேரியா ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியம் பெர்கை தொற்றிய எலிகளில் ஒட்டுண்ணிகளைக் குறைத்தன. அந்தப் பட்டியலில் ஈயமும் உண்டு என்பதே அதை மருந்தாக்கும் ஆசைக்குப் போதுமான எச்சரிக்கை. எலிகளில் கண்டது மனிதருக்கு அப்படியே பொருந்தாது. ஏற்கெனவே இரத்தம் குறைந்த குழந்தையின் அணுக்களை மேலும் சாகடிக்கும் மருந்தை எந்த மருத்துவரும் கொடுக்கத் துணியக் கூடாது. ஆனால் அதே ஆய்வு வரிசையில் இரும்புச்சத்துக் குறைந்த எலிகள் மலேரியாவைச் சற்று நன்றாகத் தாங்கின என்ற முடிவு, மனிதரிடம் நடந்த ஒரு துயரத்தை நினைவூட்டுகிறது. சான்சிபாரைச் சேர்ந்த பெம்பா தீவில் சிறு குழந்தைகளுக்கு இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வை 2003இல் பாதியில் நிறுத்த நேர்ந்தது. அவற்றைப் பெற்ற குழந்தைகளிடம் மரணமோ மருத்துவமனைச் சேர்க்கையோ 12 சதவீதம் அதிகம் என்று 2006இல் வெளியான அறிக்கை சொன்னது. இரும்பு குறைந்த அணு ஒட்டுண்ணியைச் சரியாக வளர்ப்பதில்லை; இரும்பு கொடுத்ததும் மஜ்ஜை அனுப்பும் இளம் அணுக்கள் ஃபால்சிபாரத்துக்கும் வாகாக அமைகின்றன என்று ஆய்வகச் சோதனைகள் காட்டின. அணுவின் ஆயுள், வயது இரண்டும் இதில் கலந்திருக்கின்றன. இதிலிருந்து குழந்தைகளை இரத்தசோகையிலேயே விட்டுவிடலாம் என்று யாராவது முடிவுகட்டினால் அது கொடுமை. இரும்பு குறைந்தால் மூளை வளர்ச்சியும் குன்றும். பெம்பாவிலேயே, நெருங்கிக் கண்காணித்து மலேரியாவுக்கு உடனுக்குடன் மருந்து கொடுத்த குழுவில், இரும்புச்சத்து உண்மையிலேயே குறைந்திருந்த பிள்ளைகள் நன்மை பெற்றார்கள். கொசுவலையும் பரிசோதனையும் மருந்தும் முன்னே போக, இரும்புச்சத்து கூடவே போவதுதான் சரி. 2016இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னதும் இதையே.

கடும் மலேரியாவுக்கு இன்று ஊசியாகப் போடும் ஆர்ட்டிசுனேட், இந்த நேரக் கணக்கை வேறொரு பக்கத்திலிருந்து காட்டுகிறது. மருந்து தாக்கிச் செத்த ஒட்டுண்ணியை மண்ணீரல் அணுவிலிருந்து பிதுக்கி எடுத்துவிட்டு, அணுவை மட்டும் மறுபடி இரத்தத்தில் விடுகிறது. ஒட்டுண்ணி செத்தது, அணு பிழைத்தது. ஆனால் அந்த அணுக்கள் முழு ஆயுள் வாழ்வதில்லை. ஒன்றிலிருந்து நான்கு வாரங்களுக்குள், குணமாகி வீடு திரும்பியவர்களில் சிலருக்கு அவை மொத்தமாக உடைந்து இரத்தம் திடீரெனக் குறைகிறது. தள்ளிப்போட்ட சாவுகள் ஒருசேர வந்து சேர்கின்றன. பழைய மருந்தான க்வினைனைவிட ஆர்ட்டிசுனேட் அதிக உயிர்களைக் காக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆகவே மருந்தை மாற்றத் தேவையில்லை. நோயாளியை ஒரு மாதம் வரை திரும்ப வரச்சொல்லி ஹீமோகுளோபினை அளந்தால் போதும்.

இந்தியாவில் இந்த விஷயம் இரண்டு இடங்களில் நேராக வந்து தொடுகிறது. நீலகிரியின் பழங்குடியினரிடம் அரிவாள் அணு இருப்பதை 1952இல் லேமனும் கட்புஷும் கண்டறிந்து வெளியிட்டார்கள். இந்தியாவில் இது பற்றிய முதல் பதிவுகளில் அது ஒன்று. மலேரியா மண்டிய வயநாட்டுக் காடுகளை ஒட்டி வாழ்ந்த மக்களுக்கு முன்னொரு காலத்தில் அந்த மரபணுவின் ஒற்றைப் பிரதி உயிர்க்காப்பாக இருந்தது. இன்று அங்கே மலேரியா ஒடுங்கிவிட்டது. இரண்டு பிரதிகளோடு, அதாவது அரிவாள் அணு நோயோடு, பிறக்கும் குழந்தைகளின் வலி ஒடுங்கவில்லை. இன்னொன்று ஜி6பிடி குறைபாடு. வைவாக்ஸ் கல்லீரலில் உறங்கிக் கிடந்து மீண்டும் எழாமல் இருக்க 14 நாள் பிரிமாகுயின் கொடுக்கிறோம். இந்த நொதி குறைந்தவர்களுக்கு அதே மாத்திரை சிவப்பணுக்களைக் கூட்டமாக உடைத்துவிடும். 1950களில் இல்லினாய் மாநிலத்து ஸ்டேட்வில் சிறைக் கைதிகளிடம் பிரிமாகுயினைச் சோதித்தபோதுதான் இந்தக் குறைபாடே கண்டறியப்பட்டது. ஒட்டுண்ணி உள்ளிருக்கும்போது முந்திச் செத்து உடலைக் காத்த அதே நலிந்த அணு, மாத்திரை வந்ததும் நல்லதும் கெட்டதும் பாராமல் சாகிறது. சிறுநீர் கறுத்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு வாருங்கள் என்று சொல்லியனுப்புவது, இரத்தம் உடைந்தபின் கிடைக்கும் எச்சரிக்கை. விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து நொதியின் அளவைச் சில நிமிடங்களில் காட்டும் கருவிகள் இப்போது இருக்கின்றன. மலைக்கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பிரிமாகுயின் அட்டை போகும்போது அந்தக் கருவியும் கூடவே போக வேண்டும்.